பதில் வந்த பிறகு

கணினி எழுந்துகொள்ளப் பதினோரு நொடி.
கூரைமேல் இருக்கும் வட்டத் தட்டு
வானத்தில் தன் செயற்கைக்கோளைத் தேடிப் பிடிக்க
நாலு நிமிடம். பனி அப்பியிருந்தால் ஆறு.
இந்த இடைவெளிக்குள்தான்
போன ஜூனில் பதினேழு மாடுகள் போயின.

நிரலை எழுதியவள் நான்.

இரவு இரண்டேகாலுக்கு ஜெனரேட்டர் நின்றது.
தொக்தோசுன் திட்டிக்கொண்டே இறங்கிப் போய்
டீசல் ஊற்றி, கயிற்றை இழுத்து
உயிர் கொடுத்தான்.
கணினி விழித்தது.
மேலே பனியேரியின் மட்டத்தைப் பார்த்து
ஓஷ் நகருக்குச் சொல்ல வேண்டிய என் நிரல்
உலையில் அரிசி விழாத பந்திக்கு
முந்திப் போய் இலைமுன் உட்கார்ந்தது.
ஒரே ஒரு முறை கூப்பிட்டது.
பதிலில்லை.
'வழி கிடைக்கவில்லை' என்று ஒரு வரி எழுதிவைத்துவிட்டுச்
செத்துப்போனது.

அப்புறம் இணைப்பு வந்தது,
துல்லியமாக, பலமாக,
பேச ஆளில்லாத வீட்டுக்கு.

ஓஷில் எங்கள் திரையில் ஏரி அமைதியாக இருந்தது.
கடைசியாக வந்த எண்ணையே காட்டிக்கொண்டிருந்தது திரை.
ஓஷ் சொன்னால்தான் ஊதும் சங்கு
ஊதவில்லை.

ஆற்றில் கல் உருளும் சத்தம் மாறியதைக் கேட்டு
வீடு வீடாய்க் கதவை உதைத்தவன் தொக்தோசுன்.
ஆட்கள் பிழைத்தார்கள்.
மாடுகள், ஒரு பாலம்,
சைராகுலின் தையல் இயந்திரம்
பிழைக்கவில்லை.

செப்டம்பரில் ஜீப் பிடித்து மேலே வந்தேன்.
அந்த ஒற்றை வரியைத் தேடி எடுத்தேன்.
அதன் தலையில் தேதி: 1970, ஜனவரி ஒன்று.
மணி என்ன என்று கேட்கவும் அதற்கு வலை வேண்டும்.
நான் பிறக்க இருபத்தோரு வருடம் முன்பே
நான் செய்த பிழை.

'வலை எழுந்த பிறகு எழு' என்றுதான் எழுதியிருந்தேன்.
சத்தியமாக எழுதியிருந்தேன்.
அதன் அகராதியில் எழுவது என்றால்
கேபிள் சொருகியிருப்பது,
பச்சை விளக்கு சிமிட்டுவது.
வாசல் இருக்கிறது, சரி.
தெரு?

அழித்து எழுதினேன்:
ஓஷைத் தட்டு. இரண்டு நொடி பொறு. மறுபடி தட்டு.
அங்கிருந்து ஒரு குரல் வந்தால்தான்
மற்றவர்களை எழுப்பு.

சூரியகாந்தி விதை கொறித்தபடி
பின்னால் நின்ற தொக்தோசுன் கேட்டான்:
"குரலே வராவிட்டால்?"

விதைத்தோல் ஒன்று விசைப்பலகையில் விழுந்தது.

வராவிட்டால்
இவையெல்லாம் பண்போடு வரிசையில் நின்றபடி
வெள்ளத்தில் போகும்.
அவசரத்தால் ஒரு முறை கொன்றவள்
பொறுமையால் இன்னொரு முறை கொல்லப் பார்த்தேன்.

அன்று இரவு முழுக்கப் பிரித்துப் பிரித்து வைத்தேன்.
சங்கு யாருக்காகவும் நிற்காது,
மட்டம் தாண்டினால் இங்கேயே ஊதும்.
ஓஷுக்குப் போகும் கணக்கு, படம், தேதி
இவை நிற்கட்டும்.
எது எதற்காகக் காத்திருக்கிறது என்று
ஒரு தாளில் அம்புக்குறி போட்டுப் பார்த்தபோது
சங்கிலிருந்து ஓர் அம்பும் புறப்படவில்லை.

விடிந்ததும் பிளக்கைப் பிடுங்கிச் சொருகினோம்.
பதினோரு நொடி.
பச்சை சிமிட்டியது.
நிரல் அசையவில்லை.
தேநீர் ஊற்றினான், குடித்தோம்,
ஒரு நாய் வந்து பார்த்துவிட்டுப் போனது.
நாலு நிமிடம் இருபது நொடியில் ஓஷ் பேசியது.
தேதி 1970இலிருந்து
ஒரே தாவலில் இன்றைக்கு வந்தது.
அதன் பிறகே ஒவ்வொன்றாக எழுந்தன.

"இனிமேல் நான் தூங்கலாமா?" என்றான்.

ஆம் என்று சொல்ல வாயெடுத்தவள்
நிறுத்திக்கொண்டேன்.
எழுந்து போய்
மறுபடியும் பிளக்கைப் பிடுங்கினேன்.